ஸ்தான்யுகோவிச்சைப் படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: எந்தக் கதை முதல்ல, எது அப்புறம்

கான்ஸ்தந்தீன் ஸ்தான்யுகோவிச் 1843ல செவஸ்தபோல்ல பொறந்தவரு, ரஷ்யக் கடற்படையில லெப்டினன்ட்டா இருந்துட்டு 21 வயசுலயே வேலைய உதறிட்டு எழுத வந்தவரு, 1903ல இத்தாலியில நேப்பிள்ஸ்ல இறந்தாரு. இவரோட சில கடல் கதைகளை ரஷ்யாவுல ஸ்கூல் பசங்க இன்னிக்கும் படிக்கிறாங்க, அதனாலயே நிறைய பேரு இவரை "சின்னப் பசங்களுக்குக் கப்பல் கதை எழுதுனவரு"ன்னு ஓரமா வெச்சுடறாங்க. சாகசம் இருக்கும்னு நெனச்சு எடுத்தா கண்டிப்பா ஏமாத்தமாத்தான் இருக்கும், கடற்கொள்ளைக்காரன் கிடையாது, புதையல் கிடையாது, பெரிய கடல் போர்கூட ரொம்பக் கம்மி. இவரு சுத்திச் சுத்தி எழுதுனது ஒரே விஷயத்ததான்: ஒரு கப்பல்ல யாரு யாரை அடிக்கலாம், அடிக்கிற அதிகாரம் கையில இருந்தும் யாரு அடிக்காம இருக்காங்க. இந்தக் கேள்விய மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு உக்காருங்க, அவரோட கதை, நாவல், சொந்த வாழ்க்கை எல்லாமே ஒரே நூல்ல கோத்த மாதிரி தெரியும்.

வாழ்க்கை வரலாற்றுல இருந்து ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு கதை, அப்புறம் இன்னொரு கதை, அதுக்கப்புறம்தான் ஆளு யாருன்னு பாக்கணும்.

முதல் கதை "மாக்சிம்கா", 1896ல வந்தது. "ஸபியாகா"ன்னு ஒரு ரஷ்யப் போர்க்கப்பல் அட்லாண்டிக்ல போய்க்கிட்டிருக்கு, ஒடஞ்ச பாய்மரத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கிற ஒரு ஆப்பிரிக்கப் பையனைத் தூக்கிக் காப்பாத்துறாங்க, அடிமைங்களை ஏத்திக்கிட்டுப் போன ஒரு கப்பல்ல இருந்து தப்பிச்ச பையன் அவன், ஒடம்பெல்லாம் அடி. பத்துப் பதினோரு வயசு இருக்கும். அவனைப் பாத்துக்கிற பொறுப்பை ஒரு மாலுமி தானா எடுத்துக்கிறான், லூச்கின்னு பேரு, நல்ல வேலைக்காரன், ஆனா கரையில எறங்குனா போட்டிருக்கிற துணியக்கூட குடிச்சுத் தீத்துட்டு வர்ற ஆளு. இந்த லூச்கின் ராத்திரி உக்காந்து தன்னோட சாமான்ல இருந்தே துணி எடுத்து வெட்டி அந்தப் பையனுக்குச் சட்டை தைக்கிற பகுதி வரும், அங்க கொஞ்சம் நின்னு படிங்க, வேகமாத் தாண்டிடாதீங்க. லூச்கினுக்குச் சொந்தம்னு சொல்லிக்க ஊர்ல பெருசா யாரும் இல்ல, அவன் மேல கை வைக்கிற அதிகாரம் மேல இருக்கிற எல்லாருக்கும் உண்டு, அவனுக்குக் கீழ யாருமே கிடையாது, இப்போ மொத முறையா அவனுக்குக் கீழ ஒரு உயிர் வந்திருக்கு, அத அவன் என்ன பண்றான்ங்கிறதுதான் கதை. பையன் லூச்கினைப் பாத்து மொதல்ல நடுங்குவான், தலையத் தடவக் கை நீட்டுனாகூட அடிக்கத்தான் வருதுன்னு நெனப்பான். முழுக்கதையும் ஒரு மத்தியானத்துல முடிஞ்சுடும்.

ரெண்டாவது, "ஆள் கடல்ல விழுந்துட்டான்!"ன்னு 1887ல எழுதுன கதை. இதுல ஷூதிகோவ்னு ஒரு பாட்டுக்காரன், எல்லாருக்கும் பிடிச்சவன், ப்ரோஷ்கான்னு ஒருத்தன், சோம்பேறி, திருடன், கப்பல் முழுக்க அவனை மட்டமாத்தான் பாக்குது, திருட்டுக்காக அடி வாங்குறான். ஷூதிகோவ் மட்டும் அவன்கிட்ட மனுஷனாப் பேசுறான். கொஞ்ச நாள் கழிச்சு பலத்த காத்துல ஷூதிகோவ் கடல்ல விழுந்துடுறான். அடுத்து என்னன்னு நீங்களே ஊகிச்சுடுவீங்க, பரவால்ல, சஸ்பென்ஸுக்காக எழுதுன கதை இல்ல இது. இங்க கவனிக்க வேண்டியது வேற: பாய்மரக் கப்பல பிரேக் போட்டு நிறுத்த முடியாது. ஆள் விழுந்ததும் பாய்களை எறக்கணும், மிச்ச பாய்களைத் திருப்பி ஒண்ணை ஒண்ணு எதிர்த்து நிக்கிற மாதிரி வெச்சுத்தான் கப்பலை நிறுத்தணும், அதுக்குள்ள அது ரொம்ப தூரம் போயிடும், அப்புறம் படகை எறக்கி அலைக்குள்ள தேடணும். அந்த நிமிஷங்களை ஒரு ஆபீஸரா டெக்ல நின்னு பாத்தவராலதான் இப்படி எழுத முடியும், ஒவ்வொரு ஆர்டரும் எதுக்குக் குடுக்குறாங்கன்னு தெரிஞ்சு எழுதியிருப்பாரு, கேப்டன் முகம், ஆள் எங்க மிதக்குறான்னு கண்ணெடுக்காம பாத்துக்கிட்டிருக்கிற ஆளு, எல்லாம் இருக்கும்.

இந்த ரெண்டும் படிச்சாச்சுன்னா கப்பலுக்குள்ள யாரு யாருன்னு ஒரு தடவ தெளிவாக்கிக்கலாம், மத்த எல்லாக் கதைக்கும் இது போதும். மேல கேப்டன். அவருக்கு அடுத்து சீனியர் ஆபீஸர், தினசரி வேலை, சுத்தம், தண்டனை எல்லாம் இவரு கையில, கதைகள்ல பாதிப் பிரச்சனை இவரால வரும் இல்லைன்னா இவரால தீரும். அப்புறம் ஷிஃப்ட் முறையில டெக்ல நிக்கிற லெப்டினன்டுங்க, மிச்மான்னு சொல்ற இளசுங்க, படிப்பு முடிக்காம பயணத்துக்கு வந்த கார்டமரீன் பசங்க. மாலுமி பக்கம் பாத்தா அவங்களை நேரடியா வேலை வாங்குற போசன்தான் ராஜா, விசிலும் வசவும் கையுமா இருப்பான், அவனும் ஒரு காலத்துல அடி வாங்கியே மேல வந்தவன். மாலுமிங்க பெரும்பாலும் கிராமத்துல இருந்து பிடிச்சுட்டு வந்த விவசாயிங்க, 1861 பிப்ரவரி வரைக்கும் ரஷ்யாவுல பண்ணையடிமை முறை இருந்துச்சு, அதனால இவங்கள்ல நெறைய பேரு ஒரு பண்ணையார்கிட்ட இருந்து இன்னொரு மாதிரிப் பண்ணையார்கிட்ட வந்து சேந்தவங்கதான். கயித்து நுனியால அடிக்கிறது, தோல் வார் சாட்டை, மூஞ்சியில குத்துறது இதெல்லாம் சாதாரணம், குத்திப் பல்லை எடுக்குற ஆபீஸருங்களுக்கு கப்பல்ல "டென்டிஸ்ட்"னே பேரு. 1863 ஏப்ரல்ல வந்த சட்டம் கடுமையான உடல் தண்டனைகளை ஒழிச்சுது. தேதிகளைக் கவனிங்க: ஸ்தான்யுகோவிச் கடல்ல இருந்தது 1860ல இருந்து 1863 வரைக்கும். அதாவது பழைய முறை சாகுற நேரம், புதுசு இன்னும் பொறக்கல, ஒரே கப்பல்ல அடிக்கிற ஆபீஸரும் அடிக்கக்கூடாதுங்கிற ஆபீஸரும் பக்கத்துப் பக்கத்து கேபின்ல. அவரோட கடல் கதைகள்ல பலதும் இந்தச் சின்ன இடைவெளியிலதான் நடக்குது, அதனால ஒரு கதைய எடுத்த ஒடனே அது எந்த வருஷத்துல நடக்குதுன்னு தேடுங்க, பெரும்பாலும் முதல் ரெண்டு பக்கத்துலயே ஏதாவது குறிப்பு இருக்கும்.

தேதி விஷயத்துல இன்னொண்ணு. அப்போ ரஷ்யாவுல பழைய காலண்டர், 19ஆம் நூற்றாண்டுல நம்ம காலண்டருக்கு 12 நாள் பின்னாடி, 1900க்கு அப்புறம் 13 நாள். அதனால அவரு பொறந்த நாள் ஒரு எடத்துல மார்ச் 18னும் இன்னொரு எடத்துல மார்ச் 30னும் இருக்கும், இறந்த நாள் மே 7னும் மே 20னும் இருக்கும், ரெண்டும் சரிதான்.

இப்போ ஆளுக்கு வரலாம். அப்பா மிஹயில் நிகலாயெவிச் ஸ்தான்யுகோவிச், அட்மிரல், சின்ன வயசுல "மோல்லெர்"ங்கிற கப்பலுக்குத் தலைமை தாங்கி 1826ல இருந்து 1829 வரைக்கும் உலகத்தையே சுத்தி வந்தவரு, பின்னாடி செவஸ்தபோல் துறைமுகத்துக்குத் தலைவர், ராணுவ கவர்னர். வீட்டுலயும் கப்பல் டிசிப்ளின்தான். கிரிமியப் போர்ல ஊரை எதிரிங்க முற்றுகை போட்டப்போ கோஸ்த்யாவுக்கு (கான்ஸ்தந்தீனோட செல்லப் பேரு) 11 வயசு, நஹீமோவ், கர்னீலோவ் மாதிரி அட்மிரல்களை நேர்ல பாத்து வளந்த பையன், ஊரைக் காத்ததுக்கான பதக்கம்கூட அந்த வயசுலயே கெடச்சுது. அண்ணன் ஒருத்தர் அந்தப் போர்லயே செத்தாரு. 1857ல பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில சேத்தாங்க. அதே பள்ளியில அதே வருஷங்கள்ல ரீம்ஸ்கி-கோர்ஸகோவும் படிச்சாரு, வெரெஷ்சாகினும் படிச்சாரு, ஒருத்தர் இசைக்குப் போனாரு, ஒருத்தர் ஓவியத்துக்குப் போனாரு, இவரு எழுத்துக்கு வந்தாரு. கடற்படை அந்த மூணு பேரையும் இழந்தது உலகத்துக்கு எவ்வளவு பெரிய லாபம்னு நெனச்சா இன்னிக்கும் எனக்கு சந்தோஷமா இருக்கும்.

பையனுக்கு யூனிவர்சிட்டி போகணும்னு ஆசை, அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் படிப்பு முடியுறதுக்கு முன்னாடியே தன் செல்வாக்கைப் பயன்படுத்தி "கலேவலா"ங்கிற கொர்வெட்ல, அதாவது ஒரு சின்னப் போர்க்கப்பல்ல, ஏத்திவிட்டுட்டாரு, 1860 அக்டோபர்ல பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல இருக்கிற க்ரான்ஷ்டட் துறைமுகத்துல இருந்து கப்பல் கெளம்பிடுச்சு. அப்போ வயசு 17. அங்கேர்ந்து மூணு வருஷம், கப்பல் மாத்தி மாத்தி, பசிபிக் பக்கம். கொச்சின்சீனான்னு அப்போ சொன்ன தெற்கு வியட்நாம்ல பிரெஞ்சுக்காரங்க சண்டை போட்டு எடம் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, அதப் போய் பாத்து வரச் சொல்லி அனுப்புனாங்க, அதப் பத்தி கடற்படைப் பத்திரிகையில கட்டுரையே எழுதுனாரு. 1863ல படைத்தலைவர் போபோவ் அவசரக் கடிதங்களைக் குடுத்து பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்புறாரு, சைபீரியா வழியா, தரை மார்க்கமா, அப்போ அங்க ரயில் கிடையாது, குதிரை வண்டிதான். 1864ல ராஜினாமா. அப்பா மூஞ்சி குடுத்துப் பேசல, சொத்தும் கிடையாது.

இந்த எடத்துலதான் மூணாவது கதைய எடுக்கணும், முன்னாடியே எடுத்தா பாதி சுவை போயிடும். "பயங்கர அட்மிரல்", 1891. வெத்லூகின்னு ஒரு வயசான அட்மிரல், வீடே அவரு கால் சத்தத்துக்கு நடுங்குது, சின்னப் பையன் செர்யோஷா கடற்படை வேணாம் யூனிவர்சிட்டிதான் வேணும்ங்கிறான், அப்பா முன்னாடி நின்னு எதிர்த்துச் சொல்றான். சொந்தக் கதைதான், மறைக்கவே இல்ல. ஆனா பழிவாங்கற மாதிரி எழுதியிருப்பாருன்னு எதிர்பாக்காதீங்க. அப்பா செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் எழுதுறாரு, அந்தக் கெழவரோட தைரியம், நேர்மை, லஞ்சம்னா என்னன்னு தெரியாத குணம் எல்லாத்தையும் பக்கத்துலயே வைக்கிறாரு. கொடுமை பண்றவன் கெட்டவனாத்தான் இருப்பான்னு ஒரு சுலபமான முடிவுக்கு விடமாட்டாரு, அதுதான் எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பெருசாப் படுது. நல்லவங்களும் அடிச்சாங்க, அடிச்சது தப்புன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தோணவே இல்ல.

அதுக்கு ஜோடியா "நிம்மதியில்லாத அட்மிரல்" படிக்கணும், 1894. இதுல வர்ற கோர்னேவ் அந்த போபோவ்தான், ஆளு கத்துவாரு, குதிப்பாரு, தொப்பியைத் தரையில போட்டு மிதிப்பாரு, அஞ்சு நிமிஷத்துல ஒரு சின்னப் பையன் ஆபீஸர்கிட்ட வந்து மன்னிப்பும் கேப்பாரு. நிஜ போபோவ் பின்னாடி வட்டமா தட்டு மாதிரி இரும்புப் போர்க்கப்பல் கட்டி பேர் வாங்குனவரு, 1873ல அதுல முதல் கப்பல் "நோவ்கரத்" தண்ணியில எறங்குச்சு. அந்தப் பைத்தியக்காரத் துணிச்சல் கதையில இருக்கிற ஆளுகிட்டயும் இருக்கும். வெத்லூகினையும் கோர்னேவையும் அடுத்தடுத்துப் படிச்சீங்கன்னா, கோவக்கார அட்மிரல் ரெண்டு பேரு, ஒருத்தர்கிட்ட பயம் மட்டும்தான் மிஞ்சுது, இன்னொருத்தருக்காக ஆபீஸருங்க உயிரையே குடுப்பாங்க, ஏன்னு நீங்களே யோசிச்சுப் பாக்கலாம். என் பதில், கோர்னேவ் தனக்குக் கீழ இருக்கிறவனோட மானத்தை ஒத்துக்கிறாரு, அவ்வளவுதான்.

பயணம் முழுசையும் ஒரே புத்தகமாப் பாக்கணும்னா "கோர்ஷூன்ல உலகத்தைச் சுத்தி" இருக்கு, கோர்ஷூன்ங்கிறது கப்பல் பேரு, 1895-96ல வந்தது, பெருசு. வலோத்யா அஷானின்னு 16 வயசுப் பையன், லண்டன், மதெய்ரா, படாவியா, ஹாங்காங், சான் பிரான்சிஸ்கோ, ஹோனலூலு, சைகோன்னு போய்க்கிட்டே இருப்பான். இதை அப்படியே சுயசரிதையா எடுத்துக்காதீங்க. கோர்ஷூன்ல இருக்கிற கேப்டன் தன் கப்பல்ல யாரும் மாலுமி மேல கை வைக்கக்கூடாதுன்னு ஆபீஸருங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கிறாரு, மாலுமிங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்குறாங்க. இது அவரு போன கப்பலைவிட அவரு போக ஆசைப்பட்ட கப்பல்னுதான் நான் படிக்கிறேன். ஊர் ஊரா வர்ற வர்ணனை சில எடத்துல நீளும், அதுல அலுப்புத் தட்டுனா தாண்டிப் போங்க, ஆனா புயல் வர்ற அத்தியாயங்களையும் கப்பல் ஒடஞ்சவங்களைக் காப்பாத்துற அத்தியாயத்தையும் விட்டுடாதீங்க. கொச்சின்சீனா பகுதியில பிரெஞ்சு ராணுவம் உள்ளூர் ஜனங்களை நடத்துற விதத்தைப் பத்தி எழுதியிருக்காரு பாருங்க, கப்பல்ல கேட்ட அதே கேள்வி இப்போ ஒரு நாட்டு அளவுல.

1864க்கும் 1884க்கும் நடுவுல இருக்கிற இருபது வருஷத்தை வேகமாக் கடக்கலாம். விளாதீமிர் மாகாணத்துல ஒரு கிராமத்துல வாத்தியார் வேலை, கல்யாணம், 1867ல முதல் கடல் குறிப்புகள் புத்தகமா வந்துச்சு, அது பெருசாப் பேசப்படல, அப்புறம் பொழப்புக்கு ரயில்வே ஆபீஸ், கடன் சங்கம்னு குமாஸ்தா வேலை, பக்கத்துலயே பத்திரிகை எழுத்து. "தேலோ"ங்கிற முற்போக்குப் பத்திரிகையில வேர் பிடிச்சாரு, 1873ல "வழியில்லாமல்", 1880ல "ரெண்டு சகோதரர்கள்"னு நாவல்கள். கரை மேல நடக்கிற நாவல்கள், பணக்காரங்க, அதிகாரிங்க, கொள்கை பேசிட்டு சோரம் போறவங்க. நேர்மையாச் சொல்லணும்னா இதுல பலது அந்தக் காலத்துப் பேப்பர் படிக்கிற மாதிரிதான் இருக்கும், சரக்கு இருக்கு, ஆனா மனுஷங்க மனசுல நிக்க மாட்டாங்க. முதல்ல இதுல கைவைக்க வேணாம்.

1884 கதையே வேற. "தேலோ" அப்போ அவரோட பொறுப்புல வந்திருந்துச்சு, சுவிட்சர்லாந்துல இருந்த ரஷ்யப் புரட்சிக்காரங்களோட எழுத்தை வேற பேருல போட்டு அவங்களுக்குப் பணமும் அனுப்பிக்கிட்டிருந்தாரு, போலீஸ் கடிதங்களைப் பிரிச்சுப் படிச்சுக்கிட்டிருந்துச்சு. வெளிநாட்டுல நோயா இருந்த மகளையும் குடும்பத்தையும் பாத்துட்டுத் திரும்புறப்போ எல்லையிலயே கைது பண்ணிட்டாங்க. ஆளு எங்கன்னு மனைவிக்கே தெரியல, பீட்டர்ஸ்பர்க் வந்து ஆபீஸ் ஆபீஸா அலஞ்சாங்க. அவரு சிறையில இருந்த காலத்துல மகள் இறந்துட்டா. பத்திரிகை கையவிட்டுப் போச்சு, கைல காசு இல்ல. 1885ல விசாரணையும் இல்லாம, கோர்ட்டும் இல்லாம, மூணு வருஷம் தோம்ஸ்க்குக்கு நாடு கடத்துனாங்க, குடும்பமும் கூடப் போச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி அட்மிரலோட கடிதத்தைத் தூக்கிக்கிட்டு ஆபீஸராக் கடந்து வந்த அதே சைபீரியா.

தோம்ஸ்க்ல இருந்து எந்தக் கடலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அங்க உக்காந்துதான் அவரு கடலை எழுத ஆரம்பிக்கிறாரு. 1886ல "வசீலி இவானவிச்", அடுத்த வருஷம் அந்த ஆள் கடல்ல விழுற கதை, 1888ல "கடல் கதைகள்"னு தொகுப்பு, அதோட பேரு ரஷ்யா முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. ஏன் அப்போன்னு நெறைய யோசிச்சிருக்கேன். கரை மேல இருக்கிற அதிகாரத்தைப் பத்தி இருபது வருஷம் எழுதுனாரு, ஆனா அது அவரு மேல விழுந்ததில்ல, 1884லதான் விழுந்துச்சு, கேள்வி கேக்க முடியாத எடத்துல இருந்து ஒரு கை வந்து அடிச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சப்புறம் 17 வயசுல டெக்ல நின்னு பாத்த மாலுமிங்க முகம் அவருக்கு வேற மாதிரித் தெரிஞ்சிருக்கணும். இது என் எண்ணம்தான், ஆனா 1867ல எழுதுன கடல் குறிப்புகளையும் 1887 கதையையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க. முதல்ல இருக்கிறது கூர்மையான ஆபீஸரோட கண்ணு, ரெண்டாவதுல அவரு மாலுமிங்க படுக்கிற எடத்துக்கே எறங்கி வந்திருப்பாரு. தோம்ஸ்க்ல இருந்தப்போ "சைபீரிய கெஜெட்"டுக்கு "அவ்வளவு தூரமில்லாத இடங்கள்"னு ஒரு தொடரும் எழுதுனாரு, உள்ளூர் அதிகாரிங்களோட லஞ்சமும் கூத்தும். கரை நாவல்ல ஒண்ணே ஒண்ணு படிக்கணும்னா இத எடுங்க, நேர்ல பாத்துக்கிட்டே எழுதுனதால உயிர் இருக்கு.

வாழ்க்கை தெரிஞ்சப்புறம் படிக்க வேண்டிய கதைன்னு ஒண்ணு வெச்சிருக்கேன், "ஆயா", 1895. ஃபெதோஸ் சீஜிக்னு ஒரு மாலுமி, க்ரான்ஷ்டட்ல ஒரு கேப்டன் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படுறான், அங்க ஷூர்க்கான்னு நோஞ்சான் பையன், அவனைப் பாத்துக்கணும். கரகரன்னு கையெல்லாம் காப்புக்காச்சிப்போன ஆளு, குழந்தைய அவ்வளவு மெதுவாத் தூக்குவான், அவனுக்குத் தெரிஞ்ச கப்பல் கதையெல்லாம் சொல்லித் தூங்க வைப்பான். வீட்டம்மாவுக்கு அவனைப் பிடிக்கல, ஒரு சீட்டு எழுதிக் குடுத்து அவன் கையிலயே கடற்படை முகாமுக்கு அனுப்புனா போதும், அங்க அவனைச் சாட்டையால அடிச்சு அனுப்புவாங்க. கடல் இதுல பேருக்குத்தான். ஒரு வீடு, ஒரு படுக்கையறை, ஒரு குழந்தை, ஆனா அதே கப்பல்தான். குழந்தைக்கு விஷயம் தெரிய வர்ற எடத்த ரெண்டு தடவ படிங்க, பெத்த அம்மா மேலயே அவனுக்கு வர்ற அந்தக் கோவம் இருக்கே, கோஸ்த்யா ஸ்தான்யுகோவிச் அவனோட வயசுல தன் வீட்டு மாலுமி வேலைக்காரங்களைப் பாத்துப் பட்ட கோவமாத்தான் அது இருக்கணும்.

இதோட "இசாய்க்கா"வும் சேத்துக்கலாம், ஒரு யூத மாலுமி, கூட இருக்கிற மாலுமிங்களே அவனை எப்படி நடத்துறாங்கன்னு. அடி வாங்குறவங்க எல்லாரும் நல்லவங்க இல்லைன்னு இவருக்குத் தெரியும்.

மொழி பத்தி. ரஷ்யன் தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, ஆசிரியர் இறந்து 120 வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்பிரைட் கிடையாது, மூலம் முழுக்க ரஷ்ய இணைய நூலகங்கள்ல இலவசமாக் கெடைக்குது. இங்கிலீஷ்ல சோவியத் காலத்துல மாஸ்கோவுல போட்ட தொகுப்புகள் பழைய புத்தகமாக் கெடைக்கும், மெயினா "மாக்சிம்கா"வும் சில கதைகளும். மெஷின் டிரான்ஸ்லேஷன் போட்டுப் படிக்கிறவங்க ரெண்டு விஷயம் பண்ணுங்க: ஒரே மூச்சுல முழுக் கதையப் போடாம பத்திப் பத்தியாப் போடுங்க, அப்புறம் பாய், கயிறு, ஆர்டர்னு வர்ற எடத்துல மெஷின் உளறும், அங்க முட்டிக்கிட்டு நிக்காம காத்து எந்தப் பக்கம், கப்பல் வேகமாப் போகுதா நிக்குதாங்கிறத மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுங்க. மாலுமிங்க பேசுறது கொச்சையான கிராமத்து ரஷ்யன், மெஷின் அதை வழவழன்னு ஆபீஸர் பேச்சு மாதிரி ஆக்கிடும், யாரு பேசுறாங்கன்னு குழப்பமா இருந்தா கூப்பிடுற முறையப் பாருங்க, ஆபீஸருங்க ஒருத்தரை ஒருத்தர் பேரும் அப்பா பேரும் சேத்து "வசீலி இவானவிச்"னு கூப்பிடுவாங்க, மாலுமி ஆபீஸர்கிட்ட "துரை அவர்களே"ங்கிற மாதிரி மரியாதைப் பட்டத்தோடதான் பேசுவான், பேரச் சொல்ல மாட்டான். ஒரு மாலுமி அந்த எல்லையத் தாண்டி ஒரு ஆபீஸர்கிட்ட மனசுவிட்டுப் பேசுறான்னா அந்தப் பக்கம் முக்கியமான பக்கம்.

கடைசியா எடுக்க வேண்டியது "செவஸ்தபோல் பையன்", சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எழுதுனது. அதுக்கு முன்னாடி 1901ல அறிவியல் அகாடமி "கடல் கதைகள்"க்கு புஷ்கின் பரிசு குடுத்திருந்துச்சு, ஒடம்பு அப்போ ரொம்ப மோசம். மார்குஷ்கான்னு ஒரு ஏழைப் பையன் முற்றுகைக்கு நடுவுல கோட்டை அரண்ல ஓடுறான், நஹீமோவ் வர்றாரு, கர்னீலோவ் வர்றாரு, குண்டு விழுது. 11 வயசுல பாத்ததை 59 வயசுல எழுதுறாரு, ஆனா தன்னை, அதாவது கவர்னர் வீட்டுப் பையனை, ஹீரோவா வெக்கல, அடிமட்டத்துல இருக்கிற பையனை வெச்சுட்டாரு. கிரிமியப் போர் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க இதப் படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தேதி தெரிஞ்சுக்கிட்டா போதும்: முற்றுகை 1854 செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஒரு வருஷம் கிட்ட நடந்துச்சு, கர்னீலோவ் அந்த அக்டோபர்லயே செத்தாரு, நஹீமோவ் அடுத்த வருஷம் ஜூலையில.

இவ்வளவும் படிச்சு இன்னும் வேணும்னா 1977ல மாஸ்கோவுல வந்த பத்து வால்யூம் தொகுப்பு இருக்கு. அதை ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் வரிசையாப் படிக்கணும்னு உக்காராதீங்க, அட்டவணையில ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்துலயும் எழுதுன வருஷத்தைப் பென்சில்ல குறிச்சுக்கிட்டு 1886க்கு அப்புறம் வந்த சிறுகதைகளை மட்டும் முதல்ல பொறுக்கி எடுங்க, "குத்ஸி"ங்கிற நாய்க் கதையில ஆரம்பிச்சாக்கூட நல்லதுதான்.